பெயர் வைக்கும் உரிமை யாருக்கு?

மனிதனுக்கு மனிதன் செய்துவரும் கொடுமைகளில் அடிப்பதையும் பட்டினி போடுவதையுமே பெருங் கொடுமைகளாக நம் ஜனங்கள் கருதி வருகின்றார்கள். ஆனால் இவ்விரண்டுக்கும் முன்னதாகச் செய்யப்படுகின்ற கொடுமை ஒன்று உண்டு. அது, ஒருவனைக் கேளாமலே அவனுக்கு ஓர் இழிவான பெயரைச் சூட்டி, அவன் வாயாலேயே அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளும்படி பழக்கிவிடுவதாகும். அடிபட்டவன் ஒரு நாள் திருப்பி அடிப்பான். இழிபெயரை ஏற்றுக்கொண்டவனோ தன்னை அடிப்பது நியாயந்தான் என்று தானே சாட்சி சொல்லுவான். "சூத்திரன்" என்ற ஒரு சொல் இந்நாட்டில் எத்தனை தலைமுறைகளைக் குனிய வைத்தது என்பதை நம் வாசகர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சை ஜில்லாவின் பண்ணைகளிலே நரைத்த தலையுள்ள கிழவனை மிராசுதாரின் பத்து வயதுப் பையன் "ஏண்டா" என்று கூப்பிட, கிழவன் "சாமி" என்று கை கட்டிப் பதில் சொன்னதை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கின்றார்கள்.

ஆதலால் ஒரு கூட்டத்தார் எழுந்து, "நீங்கள் வைத்த பெயர் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பெயரை நாங்களே வைத்துக்கொள்ளுகின்றோம்" என்று சொல்லுவார்களேயானால், அதைக் கேட்டு முதலில் மகிழ வேண்டியவர்கள் சுயமரியாதைக்காரர்களேயாவார்கள். அப்படியிருக்க, ஆணை விரும்பும் ஆண்மக்களும், பெண்ணை விரும்பும் பெண்மக்களும், இரு பாலாரையும் விரும்பக்கூடியவர்களும் தங்களுக்குத் தமிழில் தகுந்த பெயர் தேடி வருவதைப் பார்த்து, நம் தோழர்களிலேயே சிலர் வாய்க்குள் சிரிக்கின்றார்கள். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வருகின்ற கேள்விச் சீட்டுகளில், "இதற்கெல்லாம் ஒரு பெயரா? இன்றைக்கு ஒரு பெயர், நாளைக்கு ஒரு பெயரா?" என்று எழுதி அனுப்புகின்றார்கள். ஆகவே இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியது அவசியமென்று கருதுகின்றோம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். தான் ஆணா பெண்ணா என்று ஒருவர் தம்மை உணர்வது ஒரு விஷயம். தம் மனம் யாரை நாடுகின்றது என்பது வேறு விஷயம். ஆண் என்று ஊரார் எண்ணியிருக்கத் தம்மைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண் என்று ஊரார் எண்ணியிருக்கத் தம்மை ஆணாக உணர்பவர் திருநம்பி. இவர்களுடைய கேள்வி "நான் யார்" என்பதாகும். ஆணாகவே இருந்து ஆணை விரும்புகின்றவருக்கும், பெண்ணாகவே இருந்து பெண்ணை விரும்புகின்றவருக்கும் அந்தக் கேள்வி இல்லை. அவர்களுடைய கேள்வி "நான் யாரோடு வாழ்வது" என்பதுதான். இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, எல்லோரையும் ஒரே வசைச் சொல்லுக்குள் அடைப்பதே நம் ஊர்களின் வழக்கமாக இருந்து வந்திருக்கின்றது.

பிறர் வைத்த பெயர்கள்

இவர்களுக்குப் பிறர் வைத்த பெயர்கள் என்னென்ன என்று பார்ப்போம்.

ஊரார் வைத்த பெயர் வசை. டீக்கடையிலும் பள்ளிக்கூடத்துத் திண்ணையிலும் "ஒன்பது" என்று ஓர் எண்ணைச் சொல்லிச் சிரிக்கின்றார்கள். மனிதனை எண் சொல்லிக் கூப்பிடுகின்ற இடம் ஜெயில் ஒன்றுதான். குற்றம் செய்யாத பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே அந்த ஜெயிலைக் காட்டுகின்ற யோக்கியதை நம் சமூகத்துக்கு இருக்கின்றது.

ஜோசியர் வைத்த பெயர் தோஷம். காவிரிக்கரையிலே கோயிலுக்குப் பஞ்சமில்லை. சூரியனார்கோயில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம் என்று கிரகம் ஒன்றுக்கு ஊர் ஒன்றாகப் பங்கு பிரித்து வைத்திருக்கின்றார்கள். இவை போதாதென்று கலியாணத்துக்கென்றே குத்தாலத்துக்குப் பக்கத்தில் திருமணஞ்சேரி இருக்கின்றது. ஒரு பையன் இருபத்தெட்டு வயதாகியும் "எனக்குக் கலியாணம் வேண்டாம்" என்று சொன்னால் வீட்டார் என்ன செய்கின்றார்கள்? பையனைக் கேட்கின்றார்களா? இல்லை, செவ்வாயைக் கேட்கின்றார்கள். ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, செவ்வாய் தோஷம் என்றோ, களத்திர தோஷம் என்றோ, நாக தோஷம் என்றோ ஒன்றைச் சொல்லுகின்றார். கார் வைத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் போகின்றார்கள். பரிகாரம் முடிந்ததும் பையன் கழுத்தில் மாலையைப் போட்டு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்துவிடுகின்றார்கள்.

அதற்குப் பிறகு நடப்பது என்ன? கெட்டுப்போவது ஒருவன் வாழ்வு மாத்திரமல்ல. ஒன்றுமறியாத அந்தப் பெண்ணின் வாழ்வும் சேர்ந்து கெடுகின்றது. புருஷன் முகம் கொடுத்துப் பேசாததற்குக் காரணம் தெரியாமல் அவள் தன்னிடத்திலேயே குற்றம் தேடிக்கொண்டிருப்பாள். இரண்டு வருஷம் ஆனதும் அவளுக்கு "மலடி" என்றும் "ராசி கெட்டவள்" என்றும் பெயர் வைத்துவிடுவார்கள். பெண்ணை விரும்பும் பெண்ணாக இருந்தாலோ அவள் நிலைமை இன்னும் மோசம். அவளிடம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கின்ற வழக்கமே நம் வீடுகளில் இல்லை. ஒரு சரியான சொல்லைப் பையன் வாய்விட்டுச் சொல்லவும், அதைப் பெற்றோர் காது கொடுத்துக் கேட்கவும் வழியிருந்தால் இரண்டு உயிர்கள் தப்பித்திருக்கும். பெயர் எதற்கு என்று கேட்கின்ற தோழர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டுமாய் வேண்டிக்கொள்ளுகின்றோம்.

நிற்க, சர்க்கார் வைத்த பெயர் குற்றம். வெள்ளைக்காரர்கள் 1860இல் செய்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு, "இயற்கைக்கு விரோதமான" சேர்க்கை என்று ஒன்றைச் சொல்லி, அதற்கு ஆயுள் தண்டனை வரையில் விதித்தது. எது இயற்கை, எது விரோதம் என்பதை அவர்கள் மாடுகளையும் மரங்களையும் ஆராய்ந்தா தீர்மானித்தார்கள்? அவர்கள் நாட்டுப் பாதிரிகள் சொன்னதை எழுதினார்கள், அவ்வளவுதான். அந்தச் சட்டத்தை 2009இல் டெல்லி ஐகோர்ட்டு ஒடுக்கியது. 2013இல் சுப்ரீம் கோர்ட்டு அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தது. கடைசியில் 2018 செப்டம்பர் 6இல் ஐந்து நீதிபதிகள் கூடி, வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமாகாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2024 ஜூலை 1இல் பழைய தண்டனைச் சட்டமே போய்விட்டது. புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை. வெள்ளைக்காரன் 1947இல் கப்பலேறிவிட்டான். அவன் வைத்த பெயர் மாத்திரம் எழுபது வருஷத்துக்கு மேல் இங்கேயே குடியிருந்தது.

வைத்தியர் வைத்த பெயர் வியாதி. இதன் கதை சுவாரசியமானது. இன்று உலகமெங்கும் வழங்குகின்ற "ஹோமோசெக்சுவல்" என்ற சொல் 1869இல் ஜெர்மன் மொழியில் முதன்முதலாக அச்சேறியது. அதை உண்டாக்கியவர் கெர்ட்பெனி என்ற எழுத்தாளர். பிரஷ்யா தேசத்துத் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து அவர் எழுதிய துண்டுப் பிரசுரத்தில்தான் அது வந்தது. அதாவது, விடுதலை கேட்டவர் உண்டாக்கிய சொல் அது. பின்னால் வைத்தியர்கள் அதைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டு, வியாதிகளின் பட்டியலிலே சேர்த்துவிட்டார்கள். 1973இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கமும், 1990 மே 17இல் உலக சுகாதார ஸ்தாபனமும், இது வியாதியல்ல என்று ஒப்புக்கொண்டு பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டன. 2022இல் நம் நாட்டுத் தேசிய மருத்துவ ஆணையமும், இவர்களை "மாற்றிவிடுகின்றேன்" என்று சொல்லி வைத்தியம் செய்வது தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம் என்று அறிவித்தது. இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நல்ல எண்ணத்தோடு பிறந்த சொல்லாயிருந்தாலும், அது யார் கைக்குப் போகின்றதோ அவர்கள் இஷ்டப்படியே வேலை செய்யும். அதனால்தான் சொல் யார் கையில் இருக்கின்றது என்று கேட்க வேண்டியிருக்கின்றது.

பத்திரிகைகள் வைத்த பெயர் ஒன்று பாக்கியிருக்கின்றது. அது "ஓரினச்சேர்க்கை" என்பது. இதை வருஷக்கணக்காக எழுதி வந்தவர்கள் அதன் பொருளை ஒரு நிமிஷமாவது யோசித்தார்களா என்று தெரியவில்லை. இனம் என்றால் என்ன? ஆணும் பெண்ணும் ஓரினமல்லாமல் வேறென்ன? மனித இனத்தில் கூடி வாழ்கின்றவர்கள் எல்லோருமே ஓரினத்தார்தானே! போகட்டும். அந்தச் சொல்லின் பிற்பாதியாகிய "சேர்க்கை" என்பது அதைவிட மோசம். ஒரு மனிதனின் அன்பு, துணை, கவலை, வயோதிகத்தில் ஒருவருக்கொருவர் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது ஆகிய எல்லாவற்றையும் விட்டுவிட்டு, படுக்கையறையை மாத்திரம் எட்டிப் பார்த்து வைத்த பெயர் அது. கும்பகோணத்துக் கடைத்தெருவில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஒரு கனவானையும் அவர் மனைவியாரையும் "வேற்றுப்பால் சேர்க்கையாளர்கள் வருகின்றார்கள்" என்று யாராவது அறிமுகப்படுத்தினால் அவர் சும்மா இருப்பாரா?

தாங்களே தேடிய பெயர்கள்

இப்படியாக வசை, தோஷம், குற்றம், வியாதி, சேர்க்கை என்று ஐந்து பெயர்களைப் பிறர் வைத்தார்கள். ஐந்தில் ஒன்றையாவது சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டு வைத்தார்களா? இல்லை. ஆகவே அவர்கள் தாங்களே தேடத் தொடங்கினார்கள்.

"தன்பாலீர்ப்பு" என்ற சொல் வந்தது. அதில் வசையும் இல்லை, படுக்கையறையும் இல்லை. தன் பாலாரிடத்தில் மனம் ஈர்க்கப்படுகின்றது என்ற உண்மை மாத்திரம் இருக்கின்றது. ஆணை விரும்பும் ஆணுக்கு "நம்பி" என்றும், பெண்ணை விரும்பும் பெண்ணுக்கு "நங்கை" என்றும், இரு பாலாரையும் விரும்புகின்றவருக்கு "ஈரர்" என்றும் சிலர் சொல்லிக்கொள்ளுகின்றார்கள். இவர்கள் எல்லோரையும் சேர்த்துக் குறிக்கப் "பால்புதுமையினர்" என்ற சொல் வழங்குகின்றது. சிலருக்கு "கே" என்றும் "லெஸ்பியன்" என்றும் சொல்லிக்கொள்ளுவதே சௌகரியமாக இருக்கின்றது. சென்னையிலோ, நாம் மேலே கண்டித்த சொல்லின் முற்பாதியையே எடுத்து, "ஓரினம்" என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு குழுவினர் பல வருஷங்களாக வேலை செய்து வந்திருக்கின்றார்கள். பிறர் சொன்னபோது இழிவாயிருந்த சொல், நாமெல்லோரும் ஓரினம் என்று தாங்களே சொன்னபோது ஒற்றுமையைக் காட்டுவதாய் மாறிவிட்டது பாருங்கள்.

இந்த முயற்சிக்கு நம் மாகாணத்தின் ஐகோர்ட்டும் உதவி செய்திருக்கின்றது. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வதற்காகச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர்கள் போலீசில் புகார் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்புக் கேட்டு ஐகோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், தமக்கு இவ்விஷயத்தில் போதிய அறிவு இல்லை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, மனநூல் படித்தவரிடத்தில் தாமே பாடம் கேட்டுக்கொண்டு, 2021 ஜூன் 7இல் உத்தரவு எழுதினார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவதற்கு நம் பண்டிதர்களுக்கும் சாஸ்திரிகளுக்கும் ஒரு நாளாவது தைரியம் வந்ததுண்டா? இந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான், இவர்களை மரியாதையாகக் குறிப்பதற்குரிய தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்று, சம்பந்தப்பட்டவர்களின் யோசனையையும் பெற்றுத் தயாரிக்கப்பட்டு, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு சர்க்கார் கெஜட்டில் வெளிவந்தது.

இவர்களுக்கு முன்னால் இந்த வழியிலே நடந்து காட்டியவர்கள் திருநங்கையர்கள். "அலி" என்றும் "பேடி" என்றும் ஏசப்பட்டவர்களுக்குப் பிறகு "அரவாணி" என்ற பெயர் வந்தது. அது ஏச்சைவிட மேலானதுதான். ஆனால் அது புராணத்தில் கட்டிய பெயர். கூவாகத்துக் கூத்தாண்டவர் கோயிலிலே அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாளே தாலியறுத்து வெள்ளை கட்டி ஒப்பாரி வைக்கின்ற சடங்கிலிருந்து பிறந்தது அது. பிறந்த நாள் முதல் இழவு வீட்டில் இருப்பவர்கள் போல ஒரு கூட்டத்தாருக்குப் பெயரா? 2008 ஏப்ரலில் சர்க்கார் நல வாரியம் அமைத்தபோதுகூட அரவாணிகள் நல வாரியம் என்றுதான் பெயர் இருந்தது. பின்னர் அப்பெயர் பின்தங்கி, "திருநங்கை" என்பதே நாடெங்கும் நிலைத்தது. அதைப் பரப்பியதில் திருக்குவளையில் பிறந்த கலைஞர் கருணாநிதி அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. இன்று கிராமத்துப் பஸ்ஸிலே கண்டக்டர் வாயில்கூட அச்சொல் வருகின்றது. ஒரு சொல் மாறினால் கூப்பிடுகிறவன் குரலும் கொஞ்சம் மாறத்தான் செய்கின்றது.

ஆட்சேபணைகளும் பதில்களும்

இனி, இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளைக் கவனிப்போம்.

"இது மேல்நாட்டிலிருந்து வந்த நாகரிகம், நம் கலாசாரத்தில் இல்லை" என்று வைதீகர்கள் சொல்லுகின்றார்கள். சிவனும், மோகினி வேஷம் போட்ட விஷ்ணுவும் கூடிப் பிள்ளை பெற்றார்கள் என்று சொல்லி, அந்தப் பிள்ளைக்கு ஹரிஹரபுத்திரன் என்று பெயரும் வைத்து, வருஷந்தோறும் இருமுடி கட்டிக்கொண்டு மலையேறுகின்றவர்கள் இந்த ஆட்சேபணையைச் சொல்லலாமா? புராணத்தில் இருப்பதால் இது சரி என்று நாம் சொல்ல வரவில்லை. புராணத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நமக்கு ஒன்றுதான். சொல்லுகின்றவர்களின் யோக்கியதையைத்தான் காட்டுகின்றோம். அன்றியும், சொல் வேண்டுமானால் மேல்நாட்டிலிருந்து வந்திருக்கலாம். மனிதன் இங்கேயே பிறந்து இங்கேயே சோறு தின்கின்றவன். உண்மையில் மேல்நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது 1860ஆம் வருஷத்துச் சட்டமல்லவா?

"ஏன் இத்தனை பெயர்கள்? ஒரே பெயர் போதாதா?" என்று கேட்கின்றார்கள். பட்டணத்தில் சாப்பிடுகிறவனுக்கு எல்லாம் அரிசிதான். நம் ஜில்லாவில் சேற்றில் இறங்குகின்றவனைக் கேளுங்கள். குறுவை வேறு, சம்பா வேறு, தாளடி வேறு என்பான். சம்பாவிலேயே சீரகச் சம்பா, கிச்சிலிச் சம்பா என்று பிரித்துச் சொல்லுவான். எந்தப் பொருளோடு ஒருவன் கூடி வாழ்கின்றானோ, அந்தப் பொருளின் வித்தியாசங்கள் அவனுக்குத் தெரிகின்றன. அவற்றுக்குப் பெயரும் தேவைப்படுகின்றது. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே பச்சை. அது மாத்திரமா? கலியாணப் பத்தியைத் திறந்து பாருங்கள். வடகலை, தென்கலை, வடமாள், பிருகசரணம், கோத்திரம், நக்ஷத்திரம், பாதம் என்று ஒரு மனிதனை எத்தனை துண்டாகப் பிரித்து விளம்பரம் செய்கின்றார்கள்! அதைப் படித்து, "ஏனையா இத்தனை பெயர்?" என்று ஒருவராவது கேட்டதுண்டா? மனிதனைப் பிரித்து உயர்வு தாழ்வு கற்பிப்பதற்கு ஆயிரம் பெயர் இருக்கலாம். மனிதன் தன் மனத்தைத் தெரிந்துகொள்ளுவதற்கு நாலு பெயர் இருக்கக்கூடாதா?

"பெயரை அடிக்கடி மாற்றிக்கொள்ளுகின்றார்களே" என்கின்றார்கள். இதை நம்மவர்கள் கேட்பதுதான் ஆச்சரியம். 1925இல் சுயமரியாதை இயக்கம் என்றோம். தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் என்ற ஜஸ்டிஸ் கட்சி 1944இல் சேலத்தில் திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றப்பட்டது. 1929இல் செங்கற்பட்டு மாநாட்டிலே பெயருக்குப் பின்னால் தொங்குகின்ற ஜாதி வாலை அறுத்துப் போடத் தீர்மானித்தோம். 1922இல் சென்னைச் சட்டசபையில் எம்.சி. ராஜா அவர்கள் கொண்டுவந்த தீர்மானத்தினால் "ஆதிதிராவிடர்" என்ற பெயர் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் ஏறியது. அறிவு வளர வளர, பழைய பெயர் காலைக் கடிக்கின்ற செருப்பாகி விடுகின்றது. மாற்றாமல் எப்படி நடப்பது? ஒருவர் இருபது வயதில் தமக்கு ஒரு பெயர் சொல்லிக்கொண்டு, முப்பது வயதில் வேறொன்று சொன்னாரானால், முன்னே சொன்னது பொய் என்பது அதற்கு அர்த்தமல்ல. இருபது வயது வரையில் திருநீறு பூசிவிட்டுப் பிறகு பகுத்தறிவுவாதியான நம் தோழர்கள் எத்தனை பேர்! அவர்களை நாம் பொய்யர்கள் என்றா சொல்லுகின்றோம்?

"குயர்" என்ற இங்கிலீஷ் சொல்லைப் பற்றி வேறொரு விதமான ஆட்சேபணை கிளம்பியது. அது நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டதாகையால் அதற்கு மரியாதையாகவே பதில் சொல்ல வேண்டும். 2025 மே மாதத்தில் சென்னை ஐகோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. பெண்ணை விரும்பும் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியை வீட்டார் பிடித்து வைத்துக்கொண்டு, அடித்து, அவளைச் சரிப்படுத்துவதற்கென்று சடங்குகளும் செய்வித்தார்கள். சடங்கு! பார்த்தீர்களா, எந்த வழியாகப் போனாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கின்றது. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவளை அவள் இஷ்டப்படி போகவிட்டு, இரத்தமும் கலியாணமும் மாத்திரமல்ல, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பந்தான் என்று தீர்ப்பு எழுதினார்கள். அதே தீர்ப்பில், "குயர்" என்ற சொல்லுக்கு அகராதியில் விசித்திரமானது என்றல்லவா பொருள் இருக்கின்றது, அவரவர் விருப்பம் அவரவருக்கு இயற்கையாயிருக்கும்போது அவர்களை ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குப் பதில் அகராதியில் இல்லை. சொல்லுகின்றவன் வாயில் இருக்கின்றது. கறுப்பு நிறம் அமங்கலம் என்றும் இழிவென்றும் வைதீகர்கள் சொன்னார்கள். நம்மவர்கள் அந்தக் கறுப்பையே சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டு 1946இல் மதுரையில் மாநாடு கூடினார்கள். "நாத்திகன்" என்றும் "சூனா மானா" என்றும் நம்மை ஏசினார்கள். நாம் அதையே நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டோம். எறிந்த கல்லை எடுத்துப் படிக்கட்டாகப் போட்டுக்கொள்ளுகின்ற உரிமை அடிபட்டவனுக்கு உண்டு. அதே சமயத்தில், அந்தக் கல் எனக்கு வேண்டாம் என்று ஒதுங்குகின்ற உரிமையும் அவனுக்கே உண்டு. இவ்விரண்டையும் தீர்மானிப்பது அகராதிக்காரன் வேலையல்ல, நம் வேலையுமல்ல.

நல்லெண்ணத்தோடு வைத்த பெயர் என்பதனால் மாத்திரம் அது சரியாகிவிடாது என்பதற்கு "ஹரிஜன்" என்ற பெயரே போதிய சாட்சி. காந்தியார் அதை அன்போடுதான் பரப்பினார். ஆனால் 1938இல் பம்பாய்ச் சட்டசபையில் ஒரு மசோதாவில் அந்தப் பெயரை எழுதியபோது அம்பேத்கரும் அவர் கட்சியாரும் எதிர்த்துச் சபையை விட்டு வெளியேறினார்கள். பெயர் அழகாயிருக்கின்றதா என்பதல்ல விஷயம். எங்களைக் கேட்டா வைத்தாய் என்பதுதான் விஷயம்.

எச்சரிக்கை

இவ்வளவு சொன்னதனால், பெயரிலேயே எல்லாம் அடங்கியிருக்கின்றது என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. நம் ஜில்லாவிலேயே ஓர் உதாரணம் இருக்கின்றது. பொட்டுக்கட்டும் வழக்கத்தால் "தாசி" என்று இழிவுபடுத்தப்பட்ட சமூகத்தார், "இசை வேளாளர்" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் அவர்கள் பெண்களை மீட்டது அந்தப் பெயர் மாத்திரமா? மாயவரத்துக்கு அடுத்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1936இல் "தாசிகள் மோசவலை" என்று நாவலும் எழுதினார். 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடுத்துச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகுதான் விடுதலை. மேலும், ஜாதி ஏணியில் மேற்படியில் இருப்பவன் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறுகின்ற பெயர், ஏணியை உடைக்காது என்பதையும் மறக்கக்கூடாது.

அதுபோலவே இங்கும் பெயர் முதற்படிதான். 2023 அக்டோபர் 17இல் சுப்ரீம் கோர்ட்டு, இவர்களுடைய கலியாணத்தைச் சட்டப்படி அங்கீகரிக்க மறுத்துவிட்டது. இதைக் கேட்டு நம்மவர்களுக்கு ஏதாவது ஞாபகம் வரவில்லையா? புரோகிதனில்லாமல், நெருப்பில்லாமல் நடந்த சுயமரியாதைக் கலியாணம் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை ஐகோர்ட்டு சொல்லிற்று. நம் தாய்மார்களையும் பாட்டிமார்களையும் "வைப்பாட்டிகள்" என்றும், அவர்கள் பெற்ற பிள்ளைகளை அதைவிடக் கேவலமான சொல்லாலும் ஊரிலுள்ள வைதீகர்கள் ஏசினார்கள். 1967இல் அண்ணாதுரை மந்திரிசபை சட்டம் திருத்துகின்ற வரையில் அந்தப் பழியைச் சுமந்துகொண்டு அவர்கள் குடும்பம் நடத்தினார்கள். "வாழ்க்கைத் துணை" என்று அவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டபோது உலகம் சிரித்தது. இன்று கலியாணப் பத்திரிகைகளில் அது சர்வ சாதாரணமான சொல்லாகிவிட்டது. அன்று நம்மைப் பார்த்துச் சிரித்தவர்களின் வரிசையிலே இன்று நாம் போய் நிற்கலாமா என்று கேட்கின்றோம்.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. எந்தப் பெயரும் வேதமல்ல. கெஜட்டில் வந்துவிட்டது என்பதற்காக இன்னார் இந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், பழைய சாஸ்திரத்துக்குப் பதில் புதிய சாஸ்திரம் வந்ததாகத்தான் முடியும். பெயர் வைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமையிருப்பது போலவே, "எனக்குப் பெயரே வேண்டாம், நான் மனிதன்" என்று இருந்துவிடவும் உரிமையுண்டு. சொல்லாமல் மறைத்து வைத்துக்கொள்ளவும் உரிமையுண்டு. நிலமும் வீடும் பிழைப்பும் தகப்பன் கையில் இருக்கின்ற ஒரு பையனைப் பார்த்து "ஏன் வெளியே சொல்லவில்லை" என்று பட்டணத்திலிருந்து கேட்பது சுலபம்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டிய காரியங்கள் பெரியவை அல்ல. நம் மேடைகளில் சிரிப்பு மூட்டுவதற்காக இவர்களைக் கேலி செய்கின்ற பேச்சு இன்றோடு ஒழிய வேண்டும். எதிரியை "ஆண்மையில்லாதவன்" என்று வைவதும் அந்தக் கேலியைச் சேர்ந்ததேயாகும். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை எண் சொல்லிக் கூப்பிட்டால், கூப்பிட்டவனைக் கண்டிக்க வேண்டியது உபாத்தியாயரின் கடமை. மகனோ மகளோ கலியாணம் வேண்டாம் என்றால் ஜாதகத்தை எடுக்காமல், அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, கோபமில்லாமல் காரணத்தைக் கேட்க வேண்டும். பதிலுக்கு நமக்குப் பழக்கமில்லாத ஒரு சொல் வந்தால், அதற்கு அர்த்தம் என்ன என்று அந்தப் பிள்ளையையே கேட்க வேண்டும். ஜோசியருக்கும் கோயிலுக்கும் காருக்கும் செலவழிக்கின்ற பணம் மிச்சம்; ஒரு வேற்று வீட்டுப் பெண்ணின் வாழ்வைக் கெடுத்த பாவமும் மிச்சம். பாவம் என்ற சொல்லில் நமக்கு நம்பிக்கையில்லை. குற்றம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மனுவுக்கோ, மாஜிஸ்திரேட்டுக்கோ, ஜோசியருக்கோ, பத்திரிகாசிரியருக்கோ, நமக்கோ கிடையாது. அது அவரவருக்கே உரியது. சூத்திரப் பட்டத்தைக் கழற்றி எறிந்த நாம், இன்னொருவர் தம்மீது சுமத்தப்பட்டதைக் கழற்றி எறியும்போது கை கொடுக்காமல் கைகொட்டிச் சிரிப்போமானால், நாம் எறிந்தது அந்தப் பட்டத்தைத்தான், அதற்குள்ளிருந்த புத்தியை அல்ல என்றுதான் உலகம் சொல்லும்.